அவள் உயரத்துக்கு ஒரு மேடை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. என் அக்கா வீட்டில் நடந்தது. எழுதட்டுமா என்று கேட்டதற்கு அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"எழுதிக்கோ. ஆனா அவரைக் கெட்டவரா ஆக்கிடாதே."

மறுநாள் அத்தான் போன் செய்தார். அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

"எழுதறியாமே? எழுது, எழுது. மொட்டை மாடியில தண்ணி இறங்காம இருக்க என்ன பண்ணினோம்னு விவரமா போடு. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்."

இரண்டு பேருக்கும் சரி என்றேன். அத்தானின் மாடி நன்றாக இருக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை. அவர் நிபந்தனை இத்துடன் நிறைவேறியது. அக்காவின் நிபந்தனைதான் கஷ்டம்.

தொடக்கம் மூன்று முறை மாறியது. முதல் தொடக்கம் இது:

வீடு கட்டி முடிந்த அன்று வானம்

[வானம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அன்று யாரும் மேலே பார்க்கவில்லை. டைல்ஸ் புதிது, செருப்பை எங்கே விடுவது என்று எல்லோரும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.]

இரண்டாவது:

மனிதன் குகையை விட்டு வெளியே வந்து தனக்கென்று நாலு சுவர்களை

[இப்படிப் போனால் அக்கா வருவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.]

மூன்றாவது: அக்கா குட்டை.

இது போதும். இங்கிருந்து போகலாம்.

2

அக்கா குட்டை. எங்கள் குடும்பத்தில் யாருமே உயரம் இல்லை. அவள் அதிலும் ஒரு பிடி குறைவு. பேருந்தில் மேல்கம்பியை அவள் பிடித்ததே இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஏற்றி இறக்குகிற நாற்காலி இருப்பதால் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் சமையலறையில்தான். வாடகை வீடுகளின் சமையல் மேடைகள் யாரோ ஒரு சராசரிப் பெண்ணை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அந்தப் பெண்ணை மட்டும் நேரில் பார்த்தால் அக்கா நறுக்கென்று நாலு கேள்வி கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மரப்பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றே சமைத்துவந்தாள். வீடு மாறும்போதெல்லாம் பலகையும் கூடவே வந்தது. ஒருமுறை அது வழுக்கி, கொதிக்கிற தண்ணீர் முன்கையில் கொட்டி, தோல் உரிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

(இந்தப் பலகை கதையின் முடிவில் திரும்பி வந்து உங்களை நெகிழவைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இப்போது அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.)

அத்தான் நெட்டை. பாலங்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று சோதிக்கிற பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையால் தட்டிப் பார்த்தே கான்கிரீட்டின் உள்நிலவரம் சொல்வார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கட்டியதில் குறை கண்டுபிடித்தவர், ஓய்வுக்குப் பிறகு தன் கையாலேயே ஒன்றைக் கட்ட ஆசைப்பட்டார். அக்காவுக்கு இன்னும் சில வருடம் வேலை இருக்கிறது. அதனால் அவள் காலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போவாள், அத்தான் காலையில் கட்டடத்துக்குப் போவார்.

ஊரில் நூறு வீட்டுக்குப் பொருந்துகிற வீடு அவருக்கு வேண்டாம். இந்த இரண்டு பேருக்குப் பொருந்தினால் போதும். வாசற்படிகளை அக்காவின் காலுக்கு ஏற்ற மாதிரி தாழ்வாக வைத்தார். கதவு நிலைகளைத் தன் தலை இடிக்காத உயரத்துக்குத் தூக்கினார். சுவிட்சுகள் அவள் கைக்கு எட்டின. குளியலறையில் இரண்டு வாஷ்பேசின் பதித்தார். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. இதைப் பார்த்துவிட்டு நானே அக்காவிடம், "கொடுத்துவெச்சவ நீ" என்று சொன்னேன்.

3

கடைசிக் கட்டத்தில் சமையலறை வாசலில் ஒரு தார்ப்பாய் தொங்கியது. அக்காவை மட்டும் உள்ளே விடவில்லை. கேட்டால் "தூசி" என்றார்கள். அத்தான், மேஸ்திரி, பெயிண்டர், நான், எல்லோரும் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

ரகசியம் இதுதான். திரைச்சீலைக்கு அளவெடுக்கிறேன் என்று சொல்லி, வாடகை வீட்டில் அக்காவை வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து, அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே அத்தான் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். திரைச்சீலைக்கும் முழங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். வேலைக்குக் கிளம்புகிற அவசரம், கேட்கவில்லை. அந்தக் கோட்டு உயரத்துக்கு மேடை எழும்பியது. மேலே கறுப்பு கிரானைட். சுவருக்குச் சுவர் ஒரே கல், நடுவில் ஒட்டு கிடையாது. அப்படி ஒரு கல்லுக்காக அத்தான் கடை கடையாக அலைந்து, ஒவ்வொன்றையும் விரல்கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்.

மேடை முடிந்த அன்று சாயங்காலம் அக்கா வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். அத்தான் தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்தார்.

அக்கா உள்ளே போய், மேடைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள். தோள் தூக்கவில்லை, குதிகால் எழும்பவில்லை. ஒரு சமையல் மேடை முன்னால் அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ மாதிரி இருந்தாள். கைதட்டலாமா என்று பெயிண்டர் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றாள்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். அளவு எடுத்தது யாரு!" என்றார் அத்தான்.

"ஆமா. ரொம்ப சரியா இருக்கு." திரும்பி அவரை அண்ணாந்து பார்த்தாள். "நீங்க எங்க நிப்பீங்க?"

"நானா? இதோ நிக்கிறேனே."

"இப்ப இல்லீங்க. சமைக்கிறப்ப."

அத்தான் சிரித்தார். அவர் சிரித்ததால் மேஸ்திரியும் சிரித்தார். "நான் எதுக்கும்மா சமைக்கணும்?"

அக்கா கோபப்படவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். தூசி பட்ட கையைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வரக் கொஞ்ச நேரமானது.

"முகம் கழுவ ரெண்டு பேருக்கும் இடம் விட்டிருக்கீங்க" என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வீடு முடிஞ்சதும் சொல்லுங்க. வர்றேன்."

"முடிஞ்சிடுச்சே!"

"இன்னும் இல்ல."

4

இங்கே கதை நின்றுவிட்டது. நிறுத்தியவர் அத்தான்.

என் தோழி ஒருத்தி பத்திரிகையில் வேலை செய்கிறாள். இதுவரை எழுதியதை அவளிடம் காட்டினேன். "உன் அத்தானைப் பார்த்தா எரிச்சலா வருது" என்றாள். அக்காவின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. ஆகவே அவருக்குச் சாதகமானவற்றையும் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது அவர் லீவு போட்டுக் கூடவே இருந்தார். துணி துவைத்தார். தலை வாரிவிட்டார். பின்னல் கோணலாக இருந்தது, ஆனால் அவிழவில்லை. அவள் வேலை முடிந்து வர நேரமானால் வாசலிலேயே நிற்பார். யார் முன்னாலும் அவளை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. மகள் பிறந்தபோது

[மகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அவள் வேறு ஊரில் இருக்கிறாள், அப்பா மாதிரி நெட்டை, நல்ல பெண். இந்த அளவு போதும்.]

மற்றபடி அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. அந்த அறுவைசிகிச்சை நாட்களிலும் சாப்பாடு வெளியிலிருந்துதான் வந்தது. அவர் மறுத்தார் என்று சொல்ல முடியாது. யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை. கெட்டவர்களை எழுதுவது சுலபம். தோன்றாதவர்களை எழுதுவதற்குத்தான் முழி பிதுங்குகிறது.

5

அதன் பிறகு அவர்களுக்கு இரண்டு வீடு இருந்தது. வாடகை வீட்டில் அக்கா, புது வீட்டில் பகல் முழுக்க அத்தான். சண்டை என்று சொல்ல முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு வருவார். அக்கா பலகைமேல் நின்று சமைப்பாள், பரிமாறுவாள், பேச்சு வார்த்தை எல்லாம் உண்டு. அந்த ஒரு விஷயம் மட்டும் கிடையாது.

வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அடுத்து வருகிறவர்கள் ஒருநாள் வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனார்கள். நான் அக்காவிடம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"இவ்வளவு ஆசையா கட்டியிருக்காரு. ஒரு மேடைக்காகவா?"

"மேடைக்காக இல்ல. நீ யோசிச்சுப் பாரு. கட்டட வேலை முடிஞ்சாச்சு. இனிமே நாள் முழுக்க அந்த வீட்ல இருக்கப் போறது யாரு?"

"அத்தான்."

"சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, அந்த மேடை முன்னாடி போய் நிக்கப் போறது யாரு?"

அவளே தொடர்ந்தாள்.

"முன்னாடியெல்லாம் வீடு அப்படி, மேடை அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். யாரோ கட்டினது, நமக்குப் பொருந்தலைன்னு. இது அவர் கட்டினது. என்னை அளந்து கட்டினது. இந்த ஜென்மத்துல இன்னொருத்தர் இங்க நிக்கப் போறதில்லைன்னு கல்லுல எழுதி வெச்ச மாதிரி இருக்கு."

புது வீட்டுக்குப் போய் அத்தானிடமும் பேசினேன். காலியான கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயிண்டு வாசனை இன்னும் போகவில்லை.

"அவளுக்கு உயரம் சரியில்லையா? இன்னும் கொஞ்சம் இறக்கணுமா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டார்.

"இல்ல அத்தான். சரியா இருக்குன்னுதான் சொல்றா."

"அப்புறம் என்ன?"

சொன்னேன். நிதானமாகக் கேட்டார். முடித்ததும், "இதை முதல்லயே சொல்லியிருந்தா டிராயிங்லயே பார்த்திருக்கலாமே" என்றார். அதற்கு மேல் அவரை என்ன சொல்வது?

6

அடுத்த பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. அக்கா என்னிடம் சொன்னது சுருக்கம், அத்தான் சொன்னது ரொம்ப நீளம். இரண்டிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர்தான் தொடங்கியிருக்கிறார். "உனக்காகத்தானே பண்ணினேன்."

"எனக்காகத்தான். எனக்காக மட்டும்தான்."

"அதுல என்ன தப்பு?"

"பொண்ணு வந்து நாலு நாள் தங்கினா? அவ உயரத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்."

"அவ எதுக்கு வேலை செய்யணும்? நீ இருக்கியே."

"எனக்குக் காய்ச்சல் வந்தா?"

"கடையில வாங்கிக்கலாம்."

"நான் போயிட்டா?"

"எங்க போவ?"

"எல்லாரும் போற இடத்துக்குத்தான். எனக்கு முன்னாடி நீங்கதான் போகணும்னு எங்கேயாவது எழுதி இருக்கா? அன்னைக்கு அந்த சமையலறையை என்ன பண்ணுவீங்க?"

அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்:

"பூட்டி வெச்சிடுவேன்."

மனதார, அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் இல்லாத சமையலறையில் வேறு யாரும் நுழையக் கூடாது என்பது அவர் நினைப்பு.

"அதான் எனக்குப் பயமா இருக்கு. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

(இந்த இடத்தில் அக்கா அழுததாக முதலில் எழுதினேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? அவர்தான் மூக்கை உறிஞ்சினார்" என்றாள். அத்தானிடம் கேட்டேன். பெயிண்டு ஒவ்வாமை என்றார்.)

7

இப்போது முடிவுகள். என்னிடம் இரண்டு தயாராக இருந்தன.

முதல் முடிவு: மாதக் கடைசி வருகிறது. அக்கா புது வீட்டுக்குப் போகிறாள், புது மேடையில் சமைக்கிறாள், பழகிவிடுகிறது. நிஜத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்பதைத் தவிர இதில் வேறு குறை இல்லை.

இரண்டாவது முடிவு பத்திரிகைத் தோழி சொன்னது: அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வாசகர்களுக்குப் பிடிக்கும் என்றாள். அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எங்க கிளம்புறது? அது என் வீடுடி" என்றாள்.

நடந்தது வேறு. அந்தப் பேச்சுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, புது வீட்டில் தனியாக இருந்த அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மேடை முன்னால் தானும் நின்று சமைக்க முடியும் என்று காட்டிவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் அல்லவா? கடையிலிருந்து காய் வாங்கி வந்தார். கத்தி, பாத்திரம் எல்லாம் புதிது. நறுக்க ஆரம்பித்தார். பாலத்துக்கு அடியில் மணிக்கணக்கில் குனிந்தவன்தானே நான் என்ற தைரியம். அப்போது வயது வேறு. கேரட் தீர்ந்து பீன்ஸ் பாதி போகும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முழங்கைகளைக் கல்லில் ஊன்றியபடி போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் வர முடியுமா? நிமிர முடியல."

பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டு, என்னையும் வரச் சொல்லிவிட்டு, அக்கா ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அதே நிலையில் இருந்தார். அக்கா அவர் பக்கத்தில் நின்று இடுப்பில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன. கல்யாண போட்டோவில்கூட அப்படி இல்லை.

"சிரிக்காதே" என்றார் அத்தான்.

"சிரிக்கலையே."

"தேய்க்கிற கை ஆடுதே."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போய், வலி சுருக்கென்று பிடித்து, "ஐயோ" என்றார். பீன்ஸ் துண்டுகள் விரல் நீளத்துக்கு ஒன்றும் நகம் அளவுக்கு ஒன்றுமாக மேடை எங்கும் கிடந்தன. அக்கா அவற்றைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து நார் உரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், கல்லைப் பார்த்தபடியே: "மேஸ்திரிக்கு ஒரு போன் போடு."

8

மேடையை அறுத்து ஒரு பக்கத்தை உயர்த்த மேஸ்திரிக்கு மனசே வரவில்லை. "சார், ஒரே கல்லு சார். அறுத்தா அறுத்ததுதான். ஒட்டு தெரியும்."

"தெரியட்டும்."

"யாராவது கேட்டா நான்தான் அளவு தப்பா எடுத்தேன்னு நினைப்பாங்க சார்."

"அளவு எடுத்தது நான்தான்னு சொல்லுங்க."

எங்கே அறுப்பது என்பதில் ஒரு பகல் முழுக்க விவாதம். தாழ்ந்த பக்கம் அக்காவுக்கு, உயர்த்தப் போகிற பக்கம் அத்தானுக்கு. அடுப்பு எந்தப் பக்கம்?

"உங்க பக்கம்" என்றாள் அக்கா.

அத்தான் முகம் வெளிறியது. "அப்ப நீ எப்படி சமைப்பே?"

"நான் காய் நறுக்கித் தர்றேன்."

"தினமுமா?"

பேரம் நடந்தது. கடைசியில் பெரிய அடுப்பு உயரமான பக்கம் என்றும், தாழ்ந்த பக்கத்தில் ஒற்றை அடுப்பு ஒன்று என்றும் முடிவானது. வேலை நாட்களில் அவர், விடுமுறை நாட்களில் அவள். முதல் மாதம் மட்டும் அவருக்குச் சலுகை, அக்கா கூட நின்று உதவுவாள். இதை நான் எழுதிக்கொள்வதைப் பார்த்து அத்தான், "சலுகையைப் பெரிசா போடு" என்றார்.

கல் அறுக்கிற இயந்திரம் வந்த அன்று அத்தான் வீட்டுக்குள் இருக்கவில்லை. வெளியே வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். பெயிண்டு அடித்து முடித்த சுவர்கள், புதுக் கண்ணாடிகள், இரண்டு வாஷ்பேசின்கள் எல்லாவற்றிலும் சாம்பல் நிறத் தூள் படிந்தது. பெயிண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுவரை மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. மாதக் கடைசியைத் தாண்டிக் கொஞ்ச நாள், அடுத்துக் குடிவருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வாடகை வீட்டிலேயே ஓட்டினார்கள்.

பிறகு குடிபோனார்கள்.

9

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். தோழி அப்படித்தான் சொன்னாள். ஆனால் மேடை கட்டியதால் மட்டும் வீடு முடிந்துவிடுமா என்று எனக்கே சந்தேகம். சலுகை மாதம் முடிந்த பிறகு, ஒரு வேலை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு அத்தான் என்னை அழைத்தார். அக்கா அன்று அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

உருளைக்கிழங்கும் பருப்பும் சோறும். அவரே செய்தது, யார் உதவியும் இல்லை. உள்ளே அவர் பாத்திரங்களோடு மல்லுக்கட்டுவது கூடம் வரைக்கும் கேட்டது. நடுவில் ஒருதரம் ஏதோ கருகிய வாசனை வந்தது. அக்கா எழுந்திருக்கப் போய், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பரிமாறினார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கரண்டியைக் கையில் வைத்தபடி அக்காவுக்கு எதிரில் நின்றார். அவள் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியை இத்தனை வருடமாகக் கேட்டுவந்தவள் அக்கா. அதற்கு அவர் பதில் எப்போதும் "ம்". பேப்பரோ டிவியோ முன்னால் இருந்தால் அதுவும் கிடையாது, காலியான தட்டைப் பார்த்து அவளே தெரிந்துகொள்ள வேண்டும். அது அவருக்கு இப்போது நினைவுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு வந்தது. முகத்தில் ஓடியது.

அக்கா மென்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"இதையும் எழுதப் போறியா?"

"ஆமா."

"அப்ப கொஞ்சம் இரு" என்று இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள். அதை எழுதக் கூடாது என்கிறாள். அத்தானோ, அதை எழுதாவிட்டால் இந்தக் கதையே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு பல நாள் ஆகிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். மேசையில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. உருளைக்கிழங்கில் உப்பு கொஞ்சம் தூக்கல், அடியில் லேசாகக் கருகல், மற்றபடி மோசம் இல்லை. அவர் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.